குகை வாசலில் குரைக்கும் நாய்: நான்கு கார்ம்களில் எதைச் சொல்வது?

எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். இந்த வருஷம் வட ஐரோப்பாவின் நார்ஸ் கதைகள். ஓடின், தோர், லோகி என்ற தெய்வங்களோடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உலகம் அழியும் ராக்னரோக் கதைக்கு வந்தபோது, "கார்ம் என்கிற நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடி வந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி விடவில்லை. "அத்தை, அந்த நாயை யாரு கட்டினாங்க? எதுக்குக் கட்டினாங்க?" அவள் அண்ணன் குறுக்கே புகுந்து, "அதுதான் அந்த ஓநாய். கேம்ல பார்த்தேன், ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

அந்த ஒரு வாரம் மூலப் பாடல்களோடு உட்கார்ந்தேன். ஒரு நாயைத் தேடிப் போனவளுக்கு நான்கு நாய்கள் கிடைத்தன. எமலோகத்து வாசலைக் காக்கும் நாய் ஒன்று. ராக்னரோக்கில் ஓடினை விழுங்கும் ஃபென்ரிர் என்ற ஓநாய்க்கே இன்னொரு பெயர் கார்ம் என்பது ஒன்று. டீர் என்ற ஒற்றைக்கைத் தெய்வத்தோடு சண்டை போட்டுச் சாகும் தனி விலங்கு ஒன்று. நான்காவது வெறும் குரல், குகை முன்னால் கேட்கும் குரைப்பு. இந்தக் கதையைத் தமிழில் சொல்லவோ எழுதவோ மொழிபெயர்க்கவோ போகிறவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். நான் எதைத் தேர்ந்தேன், மற்றவற்றை ஏன் விட்டேன் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில், கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கார்ம் என்ற நாயைப் பெயர் சொல்லிப் பேசும் பழைய வரிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு பக்கம் நிரம்பாது. வோலுஸ்பா என்ற பாடலில் ஒரு பல்லவி. க்ரிம்னிஸ்மால் என்ற பாடலில் அரை வரி. ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதிய எட்டா என்ற நூலில் மூன்று வாக்கியம். அவ்வளவுதான். பாடல்கள் இரண்டும் கோடெக்ஸ் ரெகியஸ் என்ற தோல் ஏட்டில் இருக்கின்றன. 1270களில் எழுதப்பட்ட ஏடு. அதிலுள்ள பாடல் தொகுப்பையும் எட்டா என்றே சொல்வார்கள். இன்று 45 இதழ்கள் மிஞ்சியிருக்கின்றன. 1643இல் ஐஸ்லாந்தில் பிரின்யோல்ஃபுர் என்ற பிஷப்பின் கைக்கு வந்து, அங்கிருந்து டென்மார்க் அரசருக்குப் போய், 1971இல்தான் ஊர் திரும்பியது. இவ்வளவு மெல்லிய சான்றின் மேல்தான் இணையத்தில் நாம் பார்க்கும் அத்தனை பயங்கரப் படங்களும் நிற்கின்றன.

எமலோகத்து வாசல் நாய்

எல்லாருக்கும் தெரிந்த கார்ம் இதுதான். மார்பெல்லாம் ரத்தம், செத்தவர்களின் உலகமான ஹெல்லின் வாசலில் காவல். கதை சொல்கிறவருக்கு இதைவிட வசதியான பிம்பம் கிடைக்காது. கிரேக்கர்களின் பாதாளக் காவல் நாய் செர்பெரஸ் உடனே ஞாபகத்துக்கு வரும். நமக்கோ இன்னும் பக்கத்தில் ஒன்று உண்டு. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், செத்தவன் எமனிடம் போகும் வழியில் சரமாவின் பிள்ளைகளான இரண்டு நாய்கள் நிற்கின்றன. நான்கு கண் கொண்டவை, வழியைக் காப்பவை. சாவுக்கும் நாய்க்கும் உள்ள இந்த உறவு இந்தோ ஐரோப்பிய மொழி பேசியவர்களிடம் மிகப் பழையதாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அதனால் இந்தக் கார்மைக் கேட்டதும் நம் ஆட்களுக்குப் புதிதாகவே தோன்றாது.

அந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் "பால்டரின் கனவுகள்" என்ற சிறிய பாடலில் போய் நிற்போம். ஓடினின் மகன் பால்டருக்குக் கெட்ட கனவு வருகிறது. ஓடின் ஸ்லெய்ப்னிர் என்ற எட்டுக்கால் குதிரையில் சேணம் பூட்டி நிஃப்ல்ஹெல் என்ற கீழுலகுக்கு இறங்கிப் போகிறான். வழியில் ஹெல்லிலிருந்து ஒரு நாய் எதிரே வருகிறது. அதன் மார்பின் முன்பக்கம் ரத்தம். மந்திரத்தின் தகப்பனான ஓடினைப் பார்த்து அது நெடுநேரம் குரைக்கிறது. ஓடின் நிற்காமல் போகிறான். பூமி அதிர்கிறது. ஹெல்லின் உயர்ந்த மாளிகை வருகிறது.

இந்த நாலு வரியை நான் பத்து முறையாவது படித்திருப்பேன். மூலத்தில் அந்த விலங்குக்கு இருக்கும் சொல் ஹ்வெல்பர். நேர்ப்பொருள் குட்டி. கவிதையில் வளர்ந்த நாயையும் அந்தச் சொல் குறிக்கலாம், ஆனாலும் கவிஞர் கையில் கிடைத்த சொல் அது. அது குரைத்ததற்கு வழக்கமான வினையைப் போடாமல், "பாடியது, ஓதியது" என்ற பொருளும் கொண்ட ஒரு வினையைப் போட்டிருக்கிறார். ஓடினின் பட்டப்பெயரில் வரும் "மந்திரம்" என்ற சொல் அதே வேரில் பிறந்தது. மந்திரத்தின் தகப்பனுக்கு எதிரே ஒரு நாய் தன் மந்திரத்தை ஓதுகிறது. மோனைக்காகவும் போட்டிருக்கலாம். ஆனால் காதில் விழும்போது உடம்பு சிலிர்க்கிறது.

இவ்வளவு அருமையான காட்சியில் கார்ம் என்ற பெயர் இல்லை. அந்தக் குட்டிக்குப் பெயரே கிடையாது. அது கட்டிப் போடப்படவும் இல்லை. எதிரே வருகிறது, குரைக்கிறது, ஓடினை மறிக்கக்கூட இல்லை. கார்மோ கட்டுண்டு கிடக்கும் நாய். அது கிடக்கும் இடத்தின் பெயர் க்னிபஹெல்லிர், துருத்திய பாறைக்குகை என்று சொல்லலாம். அந்தக் குகை ஹெல்லின் வாசலில் இருப்பதாக எந்தப் பழைய வரியும் சொல்லவில்லை. "காவல்" என்ற சொல்லும் கிடையாது.

அதைவிடப் பெரிய இடி ஸ்னோரியிடமே இருக்கிறது. பால்டர் செத்த பிறகு ஹெர்மோட் என்பவன் அவனை மீட்டுவர ஹெல்லுக்குப் போகிறான். நார்ஸ் நூல்களில் அந்தப் பாதையை இவ்வளவு விவரமாகச் சொல்லும் இடம் வேறில்லை. ஒன்பது இரவு இருண்ட பள்ளத்தாக்குகள். யோல் என்ற ஆறு. பொன் வேய்ந்த பாலம். அந்தப் பாலத்தைக் காப்பவள் மோட்குட் என்ற பெண். நீ ஒருவன் வருவதற்கே பாலம் இவ்வளவு அதிர்கிறதே, உனக்குச் செத்தவன் நிறமும் இல்லையே என்று கேட்கிறாள். கடைசியில் ஹெல்லின் கதவு. ஸ்லெய்ப்னிர் அதை ஒரே தாவாகத் தாண்டுகிறது. இவ்வளவு சொன்ன ஸ்னோரி அங்கே ஒரு நாயைச் சொல்லவில்லை. வாசலைக் காக்கும் நாய் ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தால் இங்கே விட்டிருப்பாரா?

அவர்களுக்குக் காவல் நாய் என்ற எண்ணமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஸ்கிர்னிஸ்மால் என்ற பாடலில் கெர்ட் என்ற பெண்ணின் வீட்டு வேலிக்கதவில் வெறிநாய்கள் கட்டிக் கிடக்கின்றன. ஃப்யோல்ஸ்வின்ஸ்மால் என்ற பாடலில் மெங்லோட் என்ற பெண்ணின் வீட்டில் கிஃப்ர், கெரி என்று இரண்டு நாய்கள், ஒன்று இரவில் தூங்கும், மற்றது பகலில் தூங்கும். இப்படித் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்கள் கார்ம் விஷயத்தில் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அந்த மௌனத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தத் தேர்வுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வோலுஸ்பாவில் கார்ம் குரைக்கும் பாடலுக்கு நேர் முந்தைய பாடலில், ஹெல்லின் மாளிகைகளில் கரிச்சிவப்புச் சேவல் ஒன்று கூவுகிறது. காது கீழுலகத்தில் இருக்கும்போதே அடுத்து நாய் குரைக்கிறது. அதனால் கேட்கிறவன் இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பது இயல்பு. அந்த இயல்பை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கார்மோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு வருபவை இருக்கின்றன, அவற்றை மட்டும் தயவுசெய்து உதறிவிடுங்கள். நான்கு கண் எட்டா நூல்களில் இல்லை, அது எமனுடைய நாய்களுக்கு உரியது. உயிரோடிருந்தபோது ஏழைக்கு ரொட்டி கொடுத்தவன் "ஹெல் ரொட்டி" ஒன்றை வீசி கார்மைச் சமாதானப்படுத்தலாம் என்று இணையம் முழுக்கக் கிடக்கிறது. இரண்டு எட்டாவிலும் அப்படி ஒரு வரி கிடையாது. ரோமானியக் காவியத்தில் செர்பெரஸுக்குத்தான் தேன் அப்பம் வீசுவார்கள். அப்புறம் "நரக நாய்" என்ற மொழிபெயர்ப்பு. ஹெல் நரகம் அல்ல. நோயிலும் முதுமையிலும் செத்தவர்கள் போகும் இடம் என்கிறார் ஸ்னோரி. அப்பழுக்கில்லாத பால்டரும் அங்கேதான் போகிறான், அவனுக்காக அங்கே மது வடித்து வைத்து, பெஞ்சுகளில் பொன் பரப்பிக் காத்திருக்கிறார்கள். தமிழில் எமலோகம் என்றால் ஓரளவு ஒட்டும். நரகம் என்றால் தண்டனை உள்ளே நுழைந்துவிடும், கதையே வேறாகிவிடும்.

கார்மும் ஃபென்ரிரும் ஒன்றா?

அந்தப் பையன் பார்த்தது 2022இல் வந்த ஒரு பெரிய வீடியோ கேம். அதில் ஃபென்ரிரின் உயிர் கார்மின் உடம்புக்குள் போய்விடும். விளையாட்டுக்காரர்கள் சும்மா கட்டிவிட்டதாக நினைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் பல காலமாக இருக்கிறார்கள், அவர்கள் வாதம் லேசானதும் அல்ல.

பல்லவி சொல்வது இதுதான்: கார்ம் க்னிபஹெல்லிரின் முன்னால் பலமாகக் குரைக்கிறது, கட்டு அறும், ஃப்ரெகி ஓடும். ஃப்ரெகி என்றால் பெரும்பசி கொண்டது. ஓநாயைக் குறிக்கும் கவிதைச் சொல், ஓடினின் இரண்டு ஓநாய்களில் ஒன்றின் பெயரும் அதுவே. கட்டுண்டு கிடந்து உலக முடிவில் அறுத்துக்கொண்டு ஓடும் ஓநாய் என்றால் அது ஃபென்ரிர்தானே? இன்னொன்று, கார்ம் என்ற சொல் தனிப்பெயராக மட்டும் வழங்கவில்லை. நிலவை விழுங்கும் ஓநாய்க்கு ஸ்னோரி தரும் பெயர் மானகார்ம், நிலாநாய். சாகிறவர்களின் ரத்தத்தால் வயிற்றை நிரப்பிக்கொண்டு வானத்தில் ரத்தம் தெளிக்கும் ஓநாய் அது. யிங்லிங்கதால் என்ற பழைய பாடலில் விஸ்புர் என்ற அரசனை வீட்டோடு எரித்துக் கொல்கிறார்கள். அங்கே நெருப்புக்குப் பெயர் "தணலின் கார்ம்", அது உறுமிக்கொண்டு அரசனைக் கடித்தது என்று வருகிறது. தணலின் நாய் கடித்தது! நெருப்பில் செத்தவனை இப்படி ஒரு வரியில் சொன்ன கவிஞனை நினைத்தால் வணங்கத் தோன்றுகிறது. ஆக, கடித்துக் குதறும் எதற்கும் கார்ம் என்று சொல்லலாம் என்றிருந்தால் ஃபென்ரிருக்கும் சொல்லியிருக்கலாம்.

இந்தத் தேர்வில் கதை கச்சிதமாகிவிடும். ஒரே ஒரு கட்டு. "யார் கட்டினாங்க" என்ற கேள்விக்குப் பளிச்சென்று பதில் உண்டு. தேவர்கள் கட்டினார்கள். லெய்டிங் என்ற சங்கிலி அறுந்தது, ட்ரோமி என்ற சங்கிலி அறுந்தது. பிறகு பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் என்ற ஆறு பொருளால் குள்ளர்கள் செய்த க்ளெய்ப்னிர் என்ற பட்டு நாடா நின்றது. நம்பிக்கைக்காக டீர் தன் கையை ஓநாயின் வாயில் வைத்தான், கை போயிற்று. கடித்த இடமான மணிக்கட்டுக்கு ஓநாய்மூட்டு என்று பெயர் வந்தது என்கிறார் ஸ்னோரி. பிள்ளைகள் இந்த இடத்தில் தங்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொள்வார்கள், ஒவ்வொரு முறையும்.

பிறகு ஏன் விட்டேன்? ஒன்று, இடம். ஃபென்ரிரைக் கட்டியது ஆம்ஸ்வார்ட்னிர் ஏரியில் லிங்வி என்ற தீவில். அங்கே குகைப் பேச்சே இல்லை. இரண்டு, க்ரிம்னிஸ்மாலின் 44ஆவது பாடல். உலகில் எது எதில் தலைசிறந்தது என்று ஒரு வரிசை வருகிறது: மரங்களில் யிக்ட்ரசில், கப்பல்களில் ஸ்கிட்ப்லட்னிர், தேவர்களில் ஓடின், குதிரைகளில் ஸ்லெய்ப்னிர், பாலங்களில் பில்ரோஸ்ட், கவிகளில் ப்ராகி, பருந்துகளில் ஹாப்ரோக், நாய்களில் கார்ம். இந்த வரிசையில் நிற்கும் கார்ம் நாய்தான், ஓநாய் அல்ல. வீட்டோடு இருக்கும் விலங்குக்கும் காட்டில் திரியும் விலங்குக்கும் வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கோக்ஸ்டாட் கப்பல் கல்லறையை 1880இல் தோண்டியபோது, செத்த தலைவனோடு குதிரைகளையும் நாய்களையும் சேர்த்துப் புதைத்திருந்ததைக் கண்டார்கள். மூன்று, பல்லவியின் வினை. அங்கே இருப்பது நாய் குரைப்பதற்கு உரிய சொல். ஓநாய் ஊளையிடும்.

ஸ்னோரியின் கார்ம்

இதற்குப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. க்னிபஹெல்லிரின் முன் கட்டியிருந்த கார்ம் என்ற நாயும் விடுபட்டது, அது மிகப் பெரிய கொடுமை, டீரோடு போர் செய்யும், ஒருவர் மற்றவரைக் கொல்வார் என்று ஸ்னோரி எழுதுகிறார். நேரான உரைநடை, யார் எவரோடு என்ற குழப்பம் இல்லை. படக்கதை வரைகிறவருக்கும் மேடை நாடகம் போடுகிறவருக்கும் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். கடைசிப் போரில் ஓடினுக்கு ஃபென்ரிர், தோருக்கு உலகப் பாம்பு, ஃப்ரேர் என்ற தெய்வத்துக்கு சுர்ட் என்ற தீ அரக்கன், தேவர்களின் காவலன் ஹைம்டாலுக்கு லோகி, டீருக்கு கார்ம் என்று ஐந்து ஜோடி அழகாக அமைந்துவிடும்.

அந்த அழகுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. வோலுஸ்பாவில் ஓடின், தோர், ஃப்ரேர் மூவரின் சண்டைதான் இருக்கிறது. டீர் கார்ம் சண்டை மிஞ்சியிருக்கும் எந்தப் பாடலிலும் கிடையாது. டீரின் கையைத் தின்றது ஃபென்ரிர். பழி தீர்க்க வேண்டிய இடத்தில் ஃபென்ரிர் ஓடினை விழுங்கப் போய்விட்டதால், டீருக்கு எதிரே நிறுத்த இன்னொரு நாய் தேவைப்பட்டிருக்கிறது என்று படுகிறது. ஸ்னோரியிடம் நம் கைக்கு வராத பாடல் ஒன்று இருந்திருக்கவும் கூடும். எப்படியானாலும் கையை இழந்தவன் கடைசியில் ஒரு நாயிடம் சாகிறான் என்பதில் ஒரு சோகம் இருக்கிறது, அதை முழுக்கத் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

வெறும் குரைப்பு

சரி, நான்காவது. வோலுஸ்பா சொல்வதை மட்டும் சொல்வது. உருவம் இல்லை, நிறம் இல்லை, வேலை இல்லை. ஒரு குகை, ஒரு கட்டு, ஒரு குரைப்பு.

இதைக் கேட்டதும் "கதையில் ஒன்றுமே மிஞ்சாதே" என்று தோன்றலாம். பாடலில் அது வரும் இடங்களைப் பார்த்தபிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடெக்ஸ் ரெகியஸில் இந்தப் பல்லவி மூன்று இடத்தில் வருகிறது. முதல் இடம், மூன்று சேவல்கள் கூவியதும். அரக்கர்களிடம் ஒன்று, தேவர்களிடம் ஒன்று, ஹெல்லில் ஒன்று. சேவல் கூவினதும் நாய் குரைக்கிறது. ஊர் விழிக்கிற நேரத்துச் சத்தம்தான் இரண்டும், ஆனால் விடியப் போவதில்லை. அடுத்த பாடலில் அண்ணன் தம்பி ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். கோடரிக் காலம், வாள் காலம், காற்றுக் காலம், ஓநாய்க் காலம். ஹைம்டால் கொம்பு ஊதுகிறான், யிக்ட்ரசில் நடுங்குகிறது, இரண்டாவது முறை குரைப்பு. பிறகு போர். ஓடின் விழுகிறான், அவன் மகன் விடார் ஓநாயின் நெஞ்சில் வாளைச் செருகுகிறான், தோர் பாம்பைக் கொன்று ஒன்பது அடி நடந்து முடிகிறான். சூரியன் கறுக்கிறது, பூமி கடலில் மூழ்குகிறது, தீ வானத்தைத் தொடுகிறது. அங்கே மூன்றாவது முறை குரைப்பு.

கவனியுங்கள், மூன்றாவது முறை வரும்போது ஃபென்ரிர் செத்துப் போயிற்று. இருந்தும் "கட்டு அறும், பெரும்பசி கொண்டது ஓடும்" என்றே பாட்டு சொல்கிறது. நடந்ததை வரிசையாகச் சொல்லும் செய்தியாக இதைப் படித்தால் இடிக்கும். எச்சரிக்கையாகக் கேட்டால் இடிக்காது. பல்லவியின் மறு பாதியில், எனக்கு நிறையத் தெரியும், இன்னும் தூரம் பார்க்கிறேன் என்று குறி சொல்லும் கிழவி சொல்கிறாள், வோலுஸ்பா முழுக்க அவள் வாய்ச்சொல்தான். நாயின் குரைப்பும் அவள் குரலும் ஒன்றை ஒன்று தொடர்ந்து வருகின்றன.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. கட்டு யாருடையது என்று பல்லவி சொல்லவில்லை. கார்மின் கட்டாகவும் இருக்கலாம். கார்ம் தூரத்தில் ஓநாயின் கட்டு இழுபடும் சத்தத்தைக் கேட்டுக் குரைப்பதாகவும் இருக்கலாம். ராத்திரியில் நமக்குக் கேட்காத ஒன்றைக் கேட்டு நாய் விடாமல் குரைக்குமே, அப்படி. ஸ்னோரி முதல் வகையாகத்தான் புரிந்துகொண்டார். பாடல் இரண்டுக்கும் இடம் விடுகிறது, அதனால் மொழிபெயர்ப்பவரும் இடம் விட வேண்டும்.

மொழிபெயர்ப்பில்தான் எனக்கு இந்தத் தேர்வு உறுதியானது. மூல வரிகளில் கெயிர், கார்ம், க்னிபஹெல்லிர் என்று முதல் பாதி ககரத்தில் மோனை கட்டும். ஃபெஸ்டர், ஃப்ரெகி என்று அடுத்த பாதி ஃபகரத்தில் கட்டும். அவர்கள் யாப்பின் உயிரே மோனைதான். நமக்கு மோனையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் எழுதிப் பார்த்தது இது:

கார்ம் குரைக்கும் க்னிபக் குகை முன்னே;
பிணைப்பு அறும், பசித்தது பாயும்.

ககர மோனை ககரமாகவே வந்தது. ஃபகரம் இருந்த இடத்தில் பகரம் வந்தது. ஃப்ரெகியை "ஓநாய்" என்று போட்டிருந்தால் மோனையும் போயிருக்கும், இரண்டு வாசிப்புக்கான இடமும் போயிருக்கும். "பசித்தது" நாயாகவும் இருக்கலாம், ஓநாயாகவும் இருக்கலாம்.

பெயரை எப்படி எழுதுவது என்பதும் சின்ன விஷயம் இல்லை. மூலத்தில் குறில், அதனால் கர்ம் என்பதே உச்சரிப்புக்குப் பக்கம். ஆனால் தமிழில் கர்ம் என்று எழுதினால் பாதிப் பேர் கர்மா என்று வாசித்துவிடுவார்கள், அதுவும் சாவு பற்றிய கதையில். நெடிலாக்கி கார்ம் என்றே வைத்தேன். "வேட்டைநாய்" என்றும் போடவில்லை. ஆங்கிலத்தில் அப்படிப் பொருள் தரும் சொல் இருப்பதால் அங்கிருந்து இறங்கிய வழக்கம் அது. மூலத்துச் சொல் ஹுண்டர், சாதாரண நாய். நாய் என்றே எழுதலாம். நாய் என்று எழுதினால் பயம் குறையும் என்று நினைக்கிறவர்கள் இருட்டில் ஒரு நாய் குரைப்பதைத் தனியாக நின்று கேட்டுப் பார்க்கட்டும்.

அப்படியானால் யாருக்கு எது? கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுகிறவர் நான்கையும் பிரித்துச் சொல்ல வேண்டும், எந்த வரி எந்த நூலில் என்று குறித்தாக வேண்டும். அங்கே தேர்வுக்கே இடமில்லை. படம் வரைகிறவருக்கு உருவம் வேண்டும், ஸ்னோரியை எடுத்துக்கொள்ளுங்கள், ரத்தம் தோய்ந்த மார்பைக் கார்முக்குக் கடன் கொடுக்காதீர்கள். டீரின் கதையை மட்டும் தனியாகச் சொல்கிறவர் கார்மையும் ஃபென்ரிரையும் ஒன்றாக்கினால் நான் சண்டைக்கு வர மாட்டேன், கையில் தொடங்கியது கையைத் தின்றவனிடமே முடியும். எமலோகத்து வாசல் நாயை மட்டும் எவருக்கும் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. ஓடினைப் பார்த்துக் குரைத்த அந்தப் பெயரில்லாத குட்டியைப் பெயரில்லாமலேயே விட்டால்தான் அந்தக் காட்சி முழுசாக இருக்கும். பெயர் ஒட்டினால் இரண்டு நாயும் கெட்டுப்போகும்.

வாயால் சொல்கிறவருக்கு, நான்காவது. நான் அதைத்தான் எடுத்தேன், டீரின் சாவை மட்டும் ஸ்னோரி சொன்னதாகச் சொல்லி நடுவில் சேர்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை சேவலில் தொடங்கினேன். மூன்று பிள்ளைகள் மூன்று சேவலாகக் கூவினார்கள். பல்லவியை நான் சொல்ல, குரைப்பை அவர்களிடம் விட்டேன். முதல் முறை சிரிப்பும் கூத்துமாகக் குரைத்தார்கள். இரண்டாம் முறை ஹைம்டாலின் கொம்புக்குப் பிறகு, சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அந்தப் பெண் திரும்பவும் கேட்டாள், "யாரு கட்டினாங்க?" "பாட்டுல அது இல்லம்மா. கட்டு அறும்னு மட்டும்தான் சொல்லுது" என்றேன். அவள் அண்ணன், "அப்ப ஓநாயும் அதுவும் வேற வேறயா?" என்றான். "நாய்ல பெரிய நாய் கார்ம்னு இன்னொரு பாட்டு சொல்லுது" என்றேன். அவன் யோசித்தபடி உட்கார்ந்திருந்தான். சூரியன் கறுத்து, நட்சத்திரங்கள் உதிர்ந்து, தீ வானத்தைத் தொட்டபிறகு மூன்றாம் முறை பல்லவியைச் சொன்னபோது இரண்டு மூன்று பேர்தான் குரைத்தார்கள், அதுவும் மெதுவாக.

அதற்கு அடுத்த பாடலில் பூமி கடலிலிருந்து மறுபடி பச்சையாக எழுகிறது. அருவிகள் விழுகின்றன, மேலே கழுகு ஒன்று மலையில் மீன் தேடிப் பறக்கிறது. சொல்லி முடித்துவிட்டேன். பிள்ளைகள் இன்னொரு குரைப்புக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாட்டில் அதற்கப்புறம் அந்த நாய் வருவதில்லை.